அம்மா அப்பாவைக் குழந்தை எப்படிப் பார்க்கிறது? அளவுகோல்களும் வகுப்பறையும்

ஆண்டுக்கு ஒரு முறையாவது எம்.எட். மாணவரோ ஆய்வு மாணவரோ ஒருவர் வினாநிரல் கட்டோடு நம் பள்ளிக்கு வந்து நிற்பது வழக்கம். தலைமை ஆசிரியர் அனுமதிக் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "எட்டாம் வகுப்பு பி பிரிவுக்குப் போங்க" என்று அனுப்பிவைப்பார். ஒரு பாடவேளையில் வேலை முடிந்துவிடும். தாள் கொடுப்பார்கள், பிள்ளைகள் டிக் அடிப்பார்கள், தாளை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். தலைப்புகளும் திரும்பத் திரும்ப வருபவைதான். தேர்வுப் பதற்றம், கைப்பேசிப் பயன்பாடு, கற்றல் அடைவு, பெற்றோர்–குழந்தை உறவு. முதல் மூன்றையும் நாம் அன்றாடம் பார்ப்பதால் அவற்றை அளப்பது பற்றி ஓரளவு தெரியும். நான்காவதை எப்படி அளக்கிறார்கள், வருகிற எண் எதைச் சொல்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெளிவாக இல்லை. நம் பிள்ளைகளிடம் கேட்கப்படும் கேள்விகளிலேயே மிகவும் அந்தரங்கமானது இது. ஆகவே வகுப்பாசிரியர் இதைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இந்த வினாநிரல்கள் பெற்றோரை அளப்பதில்லை. ஒரு தாய் ஒரு நாளில் பிள்ளையை எத்தனை முறை திட்டினார் என்று எண்ணுவது ஒரு வேலை. அந்தத் திட்டுகளைப் பிள்ளை என்னவாக எடுத்துக்கொண்டது என்று கேட்பது வேறொரு வேலை. இங்கே நடப்பது இரண்டாவது. கிடைக்கும் மதிப்பெண் குழந்தையின் மனத்தில் உள்ள அம்மாவைப் பற்றியது.

தாயிடம் கேட்டதும் பிள்ளையிடம் கேட்டதும்

அமெரிக்க உளவியலாளர் ஏர்ல் ஷேஃபர் 1958இல் ரிச்சர்ட் பெல் என்பவருடன் சேர்ந்து ஒரு வினாநிரல் வெளியிட்டார். குழந்தை வளர்ப்பு, குடும்ப வாழ்வு பற்றித் தாய்மார்களின் மனப்பான்மையைக் கேட்பது அது. அதே ஷேஃபர் 1965இல் திசையை மாற்றி, பெற்றோரின் நடத்தை பற்றிக் குழந்தைகளிடமே கேட்கும் ஒரு பெரிய வினாநிரலை வெளியிட்டார். 26 தலைப்புகள், தலைப்புக்கு 10 கூற்றுகள், ஆக 260 கூற்றுகள். தாய்க்குத் தனியாக, தந்தைக்குத் தனியாக விடை தர வேண்டும். 260 கூற்றுகளை இரண்டு முறை படித்த பிள்ளைகளை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. பின்னர் வந்தவர்கள் அதைச் சுருக்கினார்கள்.

அத்தனை கூற்றுகளையும் பகுத்துப் பார்த்தபோது அடியில் மூன்று இழைகள் தெரிந்தன. ஏற்பு–புறக்கணிப்பு ஒன்று. கட்டுப்பாட்டில் கண்டிப்பு–தளர்வு இன்னொன்று. மூன்றாவது உளவியல் கட்டுப்பாடு, அதாவது பிள்ளையின் மனத்தைப் பிடித்து இழுத்து வழிக்குக் கொண்டுவருவது. "உனக்காக நான் எவ்வளவு கஷ்டப்படுறேன் தெரியுமா, நீ இப்படிப் பண்றியே" என்ற பேச்சும், சொன்னபடி கேட்காத பிள்ளையிடம் இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருப்பதும் இந்த வகை. கண்டிப்பும் இதுவும் ஒன்றல்ல என்று பிரித்துக் காட்டியதுதான், என் பார்வையில், அந்தப் பகுப்பாய்வின் பெரிய பயன். "ஏழு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடு" என்பது கண்டிப்பு. "ஏழு மணிக்கு வராவிட்டால் எனக்குப் பிள்ளையே இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன்" என்பது அதிலிருந்து வேறுபட்டது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.

பிள்ளையிடம் ஏன் கேட்க வேண்டும், பெற்றோரையே கேட்டால் போதாதா? தாமஸ் ஆகன்பாக்கும் உடன் ஆய்வாளர்களும் 1987இல் 119 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகளின் நடத்தை, உணர்வுச் சிக்கல்கள் பற்றியவை அவை. தாயும் தந்தையும் போல ஒரே நிலையில் இருக்கும் இருவர் சொன்னதற்கு இடையே ஒட்டுறவுக் கெழு சராசரியாக 0.60 இருந்தது. பிள்ளை தன்னைப் பற்றிச் சொன்னதற்கும் பெரியவர்கள் அதைப் பற்றிச் சொன்னதற்கும் இடையே 0.22 மட்டுமே. பெரியவர்கள் என்பதில் ஆசிரியர்களும் அடக்கம். "என் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் எனக்குத் தெரியும்" என்று சொல்லும்போது இந்த 0.22ஐ ஓரமாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரே 56, இரண்டு வீடுகள்

அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் ரோனர் உருவாக்கிய 'பெற்றோர் ஏற்பு–புறக்கணிப்பு வினாநிரல்' பல நாடுகளில், பல மொழிகளில் பயன்படுத்தப்பட்டது. அதன் சுருக்க வடிவத்தில் 24 கூற்றுகள். அன்பும் அரவணைப்பும் பற்றி 8, பகையும் கோபமும் பற்றி 6, கவனியாமை பற்றி 6, 'காரணம் சொல்லத் தெரியவில்லை, ஆனால் அம்மாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை' என்ற பொதுவான உணர்வு பற்றி 4. ஒவ்வொன்றுக்கும் 'அநேகமாக எப்போதும் உண்மை' என்பதிலிருந்து 'அநேகமாக ஒருபோதும் உண்மையில்லை' என்பது வரை நான்கு விடைகள்.

மதிப்பெண் தரும் முறையைக் கவனிக்க வேண்டும். "அம்மா என்னைக் கண்டபடி திட்டுகிறார்" போன்ற கூற்றுக்கு 'அநேகமாக எப்போதும்' என்றால் 4. "நான் சொல்வதை அம்மா காதுகொடுத்துக் கேட்கிறார்" போன்ற அன்புக் கூற்றுக்கு 'அநேகமாக எப்போதும்' என்றால் தலைகீழாக 1. (இரண்டும் விளக்கத்துக்காக நானே எழுதியவை.) ஆக மொத்தம் குறைந்தது 24, அதிகம் 96. எண் ஏற ஏறப் பிள்ளை உணரும் புறக்கணிப்பும் ஏறுகிறது. நடுப்புள்ளி 60. அதற்கு மேலே போனால், ஏற்பைவிடப் புறக்கணிப்பையே பிள்ளை கூடுதலாக உணர்கிறது என்று கொள்கிறார்கள். நம் தேர்வு மதிப்பெண்ணுக்கு நேர்மாறானது இது. 90 என்றதும் மகிழ்ந்துவிடக் கூடாது.

இப்போது ஒரு கணக்கு. இரண்டு பிள்ளைகள் தந்தையைப் பற்றி விடை தந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் மொத்தம் 56. முதல் பிள்ளையின் பிரிவு மதிப்பெண்கள்: அன்புக் குறைவு 22, பகை 8, கவனியாமை 20, பொதுவான புறக்கணிப்பு 6. இரண்டாவது பிள்ளைக்கு அதே வரிசையில் 14, 21, 10, 11. கூட்டிப் பாருங்கள், இரண்டும் 56தான். ஆனால் வீடுகள் வேறு. முதல் பிள்ளையின் தந்தை லாரி ஓட்டுநராக இருக்கலாம், துபாயில் இருக்கலாம். அவரிடம் கோபம் இல்லை, ஆனால் அவர் அருகிலும் இல்லை. இரண்டாவது வீட்டில் தந்தை இருக்கிறார், கவனிக்கவும் செய்கிறார், அந்தக் கவனிப்போடு அடியும் வசவும் சேர்ந்து வருகின்றன. மொத்த மதிப்பெண்ணை மட்டும் அட்டவணையில் போட்டு, 'இருவரும் நடுப்புள்ளிக்குக் கீழே, சிக்கல் இல்லை' என்று முடித்துவிட்டால் இரண்டு பிள்ளைகளையுமே தவறவிட்டிருப்போம்.

நம் நாட்டில் ஆய்வு மாணவர்கள் கையில் அடிக்கடி காணப்படுவது நளினி ராவ் உருவாக்கிய பெற்றோர்–குழந்தை உறவு அளவுகோல். 12 முதல் 18 வயது வரையானவர்களுக்கு உரியது. பாதுகாத்தல், அன்பு செலுத்தல், வற்புறுத்தல், அலட்சியம், பொருளால் பரிசளித்தல், பொருளைப் பறித்துத் தண்டித்தல் என்று பத்துக் கூறுகள், 100 கூற்றுகள், தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனி விடை. பத்துக் கூறுகளாகப் பிரித்திருப்பது நல்லதுதான். ஆனால் 200 விடைகளை ஒரே பாடவேளையில் வாங்க நினைத்தால், அந்தக் கடைசிப் பக்கத்தை நாம் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். மேலிருந்து கீழ்வரை ஒரே கட்டத்தில் நேர்கோடாக டிக் விழுந்திருக்கும். அது பிள்ளையின் களைப்பு. கணினிக்குள் போனதும் அதுவும் 'தரவு' ஆகிவிடும்.

கண்டிப்புக்கு என்ன பொருள்?

ஒரே நடத்தையை எல்லா ஊர்ப் பிள்ளைகளும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. ரோனரும் சாண்ட்ரா பெட்டன்கில்லும் 1985இல் கொரிய வளரிளம் பருவத்தினரிடம் ஆய்வு செய்தார்கள். தங்கள் பெற்றோர் கண்டிப்பானவர்கள் என்று சொன்ன பிள்ளைகளே, பெற்றோரிடம் அன்பு கூடுதலாக இருப்பதாகவும் கவனியாமை குறைவாக இருப்பதாகவும் சொன்னார்கள். அமெரிக்கப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வுகளிலோ அதே கண்டிப்பு பகையோடு சேர்த்துப் பார்க்கப்பட்டது. 'என் மீது அக்கறை இருப்பதால்தான் கண்டிக்கிறார்' என்பது ஓரிடத்தின் வாசிப்பு. 'என்னை நம்பாததால் கண்டிக்கிறார்' என்பது மற்றோரிடத்தின் வாசிப்பு.

"அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று சொல்லிப் பழகிய நமக்கு இது இனிப்பாக இருக்கும். கொஞ்சம் பொறுங்கள். ரோனரும் சகாக்களும் மேற்கிந்தியத் தீவுகளில் உள்ள செயின்ட் கிட்ஸ் தீவுப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 1991இல் வெளிவந்தது. அங்கே பெரியவர்கள் பிள்ளைகளை அடிப்பது இயல்பான வழக்கம். அடிப்பது சரிதான் என்று பிள்ளைகளில் பலரே நம்பினார்கள். அப்படி இருந்தும், அடி கூடக்கூடப் பிள்ளைகள் அதைத் தங்கள் மீதான புறக்கணிப்பாக உணர்ந்தார்கள், அந்த உணர்வின் வழியாக அவர்களின் மனநலம் பாதிக்கப்பட்டது. கண்டிப்பு அன்பாக வாசிக்கப்படலாம் என்பதை வைத்துக்கொண்டு அடியையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட முடியாது.

புறக்கணிப்பை உணரும் பிள்ளைகளிடம் எவற்றை எதிர்பார்க்கலாம் என்றும் ரோனரின் கோட்பாடு சொல்கிறது. அடக்க முடியாத கோபம் அல்லது கோபத்தை அடக்குவதில் சிக்கல், தன்மதிப்புக் குறைவு, 'என்னால் முடியாது' என்ற எண்ணம், உணர்வைக் காட்டாத முகம், சிறு தடங்கலுக்கும் கலங்கிப்போவது, உலகமே கெட்டது என்ற பார்வை. இவற்றோடு அளவுக்கு மீறி ஒட்டிக்கொள்வது, அல்லது அதன் மறுமுனையாக 'எனக்கு யாரும் வேண்டாம்' என்று விறைத்து நிற்பது. இடைவேளையில் நம் மேசையை விட்டு நகராத பிள்ளையையும், பென்சில் இல்லாவிட்டாலும் யாரிடமும் கேட்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையையும் நாம் இரு துருவங்களாக நினைப்போம். இந்தக் கோட்பாடு இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்திப் பார்க்கச் சொல்கிறது. காரணம் எது, விளைவு எது என்பது மட்டும் அத்தனை எளிதல்ல. ஏற்கெனவே மனம் சோர்ந்திருக்கும் பிள்ளை, அம்மாவைப் பற்றிய கூற்றுகளையும் அந்தச் சோர்வோடுதான் படிக்கும்.

கூற்றின் தமிழ்

நம் பள்ளிக்கு வரும் வினாநிரல்களில் நான் மிகவும் குறைபட்டுக்கொள்வது மொழியைத்தான். "என் தாய் என் மீதான தம் பாசத்தை வெளிப்படுத்துகிறார்" என்று ஒரு கூற்று. ஆறாம் வகுப்புப் பிள்ளை 'வெளிப்படுத்துகிறார்' என்ற சொல்லிலேயே நின்றுவிடும். அதைத் தாண்டினாலும் என்ன விடை சொல்லும்? நம் வீடுகளில் எத்தனை அம்மாக்கள் வாய்விட்டுப் பாசம் சொல்கிறார்கள்? "சாப்பிட்டியா" என்பதிலும், தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிவிடுவதிலும், மீன் துண்டில் முள் எடுத்துத் தட்டில் வைப்பதிலும் அது போய்விடுகிறது. "என் பெற்றோர் பிறர் முன்னிலையில் என்னைப் பாராட்டுகின்றனர்" என்பது இன்னொன்று. கண் பட்டுவிடும் என்று பிறர் முன்னால் பிள்ளையைக் குறைத்தே பேசும் வீட்டில் 'இல்லை' என்ற விடைக்கு என்ன பொருள்? வேறு நாட்டில் புறக்கணிப்பின் அடையாளமாக இருப்பது இங்கே திருஷ்டி கழிப்பதாக இருக்கலாம்.

மரியாதைச் சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. பேச்சில் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அம்மாவை 'வா, போ' என்பார்கள், அப்பாவை 'வாங்க' என்பார்கள். அம்மா 'சொல்லுச்சு', அப்பா 'சொன்னாரு'. வினாநிரலில் இருவரும் 'அவர்' ஆகிவிடுகிறார்கள். பிள்ளை நாள்தோறும் பேசும் அம்மா அந்தத் தாளில் இல்லை. பேச்சு வழக்கிலேயே அச்சடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் தாளைக் கொடுக்கும்போது ஆய்வாளர் ஒவ்வொரு கூற்றையும் வாய்விட்டு, பிள்ளைகளின் பேச்சில் சொல்லலாம். சிறிய வகுப்புகளில் அப்படிச் செய்தே ஆக வேண்டும்.

எதிர்மறைக் கூற்று இன்னொரு கண்ணி. "அப்பா என்னிடம் பேசுவதைத் தவிர்ப்பதில்லை" என்ற கூற்றுக்கு 'ஒருபோதும் இல்லை' என்று டிக் அடித்தால் அப்பா பேசுகிறாரா, பேசவில்லையா? பெரியவர்களுக்கே இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று போகும் பிள்ளைகளைக் கண்டறியத் தலைகீழ்க் கூற்றுகள் தேவைதான். அதை "அப்பா என்னிடம் பேசாமல் இருந்துவிடுவார்" என்று நேராகவே எழுதலாம். முறையான மொழிபெயர்ப்பில், தமிழாக்கியதை மூலத்தைப் பார்க்காத வேறொருவரிடம் கொடுத்து மீண்டும் ஆங்கிலமாக்கச் சொல்லி, மூலத்தோடு ஒப்பிடுவார்கள். உங்களிடம் வருபவரிடம் இது நடந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

நல்ல பெயர் எடுக்கும் ஆசை எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. "என் அம்மா என் மீது அன்பாக இருக்கிறார்" என்ற கூற்றுக்கு 'இல்லை' என்று டிக் அடிக்க எந்தப் பிள்ளைக்குக் கை வரும்? அதிலும் பக்கத்தில் தோழி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது? இதற்கு ஓர் அழகான தீர்வு, சூசன் ஹார்ட்டர் கையாண்ட வடிவம். கேத்ரின் கெர்ன்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1996இல் வெளியிட்ட 15 கூற்றுகள் கொண்ட பாதுகாப்புணர்வு அளவுகோல் அதைப் பயன்படுத்துகிறது. அந்த முறையில் நாம் ஒன்று எழுதினால் இப்படி இருக்கும்: 'சில பிள்ளைகள் மனசு கஷ்டமாக இருந்தால் அம்மாவிடம் போய்ச் சொல்வார்கள். வேறு சில பிள்ளைகள் அம்மாவிடம் சொல்லாமல் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள். நீ எந்தப் பிள்ளைகள் மாதிரி?' பிள்ளை முதலில் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்கும். பிறகு 'அப்படியே என்னை மாதிரி', 'ஓரளவு என்னை மாதிரி' என்பதில் ஒன்றைச் சொல்லும். இரண்டு பக்கத்திலும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று தாளே சொல்லிவிடுவதால், எதைச் சொன்னாலும் தான் தனியாள் இல்லை என்று தோன்றுகிறது.

'அம்மா' கட்டத்தில் யார்?

திருப்பூருக்கோ பெங்களூருக்கோ தாயும் தந்தையும் வேலைக்குப் போய்விட, ஆயாவிடமோ அப்பத்தாவிடமோ வளரும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய் ஆறு மாதம் கழித்துத் திரும்புபவர்கள், ஒரு பெற்றோரை இழந்தவர்கள், சித்தி வீட்டிலும் விடுதியிலும் இருப்பவர்கள் எனப் பலர். தாய், தந்தை என்று இரண்டு நிரல் போட்ட தாள் இந்தப் பிள்ளைகள் கைக்குப் போகும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். சிலர் வெற்றாக விடுவார்கள். சிலர் அப்பத்தாவை நினைத்துக்கொண்டு 'தாய்' நிரலில் டிக் அடிப்பார்கள். சிலர் இறந்துபோன அப்பாவுக்கு எல்லாக் கட்டத்திலும் மிக நல்ல விடை தருவார்கள்.

ரோனரின் கோட்பாட்டில் 'பெற்றோர்' என்றால் நீண்ட காலமாகப் பிள்ளையை வளர்க்கும் பொறுப்பில் இருப்பவர். பெற்றவராக இருக்க வேண்டியதில்லை. ஆகவே தாளைக் கொடுப்பதற்கு முன், 'உன்னை வளர்க்கிறவங்க யாரோ அவங்களை நினைச்சுக்கிட்டு விடை சொல்லு, அவங்க உனக்கு என்ன வேணும்னு மேலே எழுது' என்று சொல்ல ஆய்வாளருக்குத் தடை எதுவும் இல்லை. அண்மையில் பெற்றோரை இழந்த பிள்ளை வகுப்பில் இருந்தால், அன்று அந்தப் பிள்ளைக்கு நூலகத்தில் ஒரு வேலை கொடுத்து அனுப்பிவிடுவது வகுப்பாசிரியர் கையில்தான் இருக்கிறது. ஆய்வாளருக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

தாள் எங்கே போகிறது?

ஒரு பிள்ளை தன் வீட்டைப் பற்றி உண்மையாக எழுதிய தாள், அந்த வீட்டின் கைக்கே போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. "உங்க பொண்ணு உங்களைப் பத்தி இப்படி எழுதியிருக்கா பாருங்க" என்ற ஒரே வாக்கியம் போதும். நல்லெண்ணத்தோடு சொன்னாலும் அன்று இரவு அந்த வீட்டில் நடப்பதை நாம் பார்க்கப் போவதில்லை. ஆகவே தாளில் பெயர், வருகைப் பதிவு எண் எதுவும் வேண்டாம். ஒளிப்படம் எடுத்து எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போடக் கூடாது. ஆசிரியர் ஓய்வறை மேசையில் கட்டைப் பிரித்துப் போட்டுப் படிக்கவும் கூடாது. பெற்றோரின் ஒப்புதலோடு பிள்ளையின் சம்மதமும் தேவை. 'பிடிக்கலைன்னா எழுத வேண்டாம், மார்க் எதுவும் குறையாது' என்பதை ஆய்வாளரைவிட வகுப்பாசிரியர் சொன்னால்தான் பிள்ளைகள் நம்புவார்கள்.

பெயர் இல்லாத தாளிலும் சில சமயம் ஓரத்தில் ஒரு வரி எழுதப்பட்டிருக்கும். உடலுக்குத் தீங்கு நேர்வதாக ஒரு பிள்ளை அப்படி எழுதியிருந்தால், ஆய்வு அங்கே நின்றுவிடுகிறது. பாலியல் தீங்கு பற்றித் தெரியவந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல் துறையிடம் தெரிவிப்பது கட்டாயம். தலைமை ஆசிரியரிடம் சொன்னதோடு அந்தக் கடமை தீர்ந்துவிடாது. குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 ஆகிய இரண்டையும், தாளைக் கொடுப்பதற்கு முன்பே கரும்பலகையில் எழுதிவைத்துவிடலாம்.

அளவுகோலை நாமே வகுப்பில் நடத்தி, தனிப் பிள்ளைக்கு 'இவனுக்கு 64' என்று முத்திரை குத்துவதை நான் ஏற்கவில்லை. இவை பெரும்பாலும் குழுக்களை ஒப்பிடும் ஆய்வுக்காக உருவானவை. ஒரு பிள்ளையைப் பற்றி முடிவு சொல்லப் பயிற்சி பெற்ற ஆலோசகர் வேண்டும், வேறு தகவல்களும் வேண்டும். குடும்பத்தை வரையச் சொல்லிப் படத்தைப் பார்த்துப் பொருள் சொல்வதும் அப்படித்தான். அப்பாவைச் சின்னதாக வரைந்தது தாளில் இடம் போதாததாலும் இருக்கலாம்.

ஆனால் இந்த அளவுகோல்களில் உள்ள கேள்விகளின் திசை நமக்குப் பயன்படும். 'உங்க அம்மா நல்லவங்களா' என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் 'ஆமா' என்றுதான் சொல்லும். 'நேத்து ஸ்கூல் விட்டுப் போனதும் முதல்ல யார்கிட்ட பேசின? என்ன பேசின?' என்று கேட்டால் ஒரு கதை வரும். 'மார்க் குறைஞ்சா வீட்ல யார்கிட்ட முதல்ல காட்டுவ?' என்பது இன்னொன்று. விடையை எங்கும் குறிக்க வேண்டாம். பெற்றோர் வரும்போது பிள்ளை சொன்னதைச் சொல்லாமல், 'பாப்பா இங்கே நல்லாப் பேசறா, வீட்ல எப்போ பேச நேரம் கிடைக்குது?' என்று தொடங்கலாம். பெரும்பாலான பெற்றோர் அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் யோசிப்பார்கள்.

அடுத்த முறை வினாநிரல் கட்டோடு ஒருவர் வந்தால், வகுப்புக்கு அனுப்புவதற்கு முன் தாளை வாங்கி முழுதாகப் படித்துவிடுங்கள். இந்தப் பிள்ளைகளைப் போன்றவர்களிடம் இதை முன்பு சோதித்துப் பார்த்தார்களா, மொத்த மதிப்பெண்ணோடு பிரிவு மதிப்பெண்ணும் கணக்கிடப்படுமா, தாள்களை யார் எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று கேளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம், ஆய்வு நெறிமுறையே அவற்றுக்குப் பதில் வைத்திருக்கச் சொல்கிறது. ஆய்வு முடிந்ததும் ஒரு நாள் திரும்பி வந்து, கண்டறிந்ததை நம் ஆசிரியர் கூட்டத்தில் பத்து நிமிடம் சொல்வதாக எழுதி வாங்கிக்கொண்டு, எட்டாம் வகுப்பு பி பிரிவைக் காட்டுங்கள்.